வழிக்காத மீசை

பாதர் ஜஸ்ரின் சிரித்த சிரிப்பில் எங்கள் மாதா கோயில் மணியே அடித்தது. கோபுரத்துப் புறாக்கள் பயந்து பறந்து பருத்தித்துறையில் போய்த்தான் இறங்கின. நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சிமியோன் அண்ணையும்தான் நம்பவில்லை.

அது சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. மறுநாள் முதல் நன்மை, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்குமுன் ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் பாதரிடம் போய், செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுதான் பாவசங்கீர்த்தனம்.

கோயிலுக்குள் அப்படியொரு வெக்கை. மெழுகுதிரிகள் கொளுத்தாமலே வளைந்து நின்றன. ஒரு கிழமையாகப் பாட்டும் பவனியும் பழகிப் பிள்ளைகளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. பாதருக்கோ காது ஓய்ந்துவிட்டது.

வரிசையில் நின்ற ஜெனிற்றாவுக்கு ஒன்பது வயது. பாவங்களை எழுதி வரும்படி ரீச்சர் சொல்லியிருந்தார். அவளுடைய தாளில் இருந்தது ஒன்றே ஒன்று: 'அம்மா கூப்பிட்டபோது காது கேளாதமாதிரி இருந்தேன்.'

முன்னால் நின்ற லெனாட் எட்டிப் பார்த்தான்.

"உவ்வளவுதானோ? பாதர் ஏசப்போறார். இந்தா, என்ரையைப் பார்த்து எழுது. எனக்குப் பதினொண்டு இருக்கு."

களைப்பில் அவளுக்கு யோசிக்கவும் முடியவில்லை. எழுதினாள்.

அவளுடைய முறை வந்தது. பாதர் உள்ளே இருந்த மரக்கூண்டின் பக்கத்தில் மண்டியிட்டு வாசித்தாள்.

"ரியூசனுக்குப் போகாமல் பந்தடிச்சன். தங்கச்சியின்ரை பாவைப்பிள்ளையைக் கிணத்துக்குள்ளை போட்டன். அப்பாவின்ரை சவரக் கத்தியை எடுத்து மீசை வழிச்சன்..."

"ம்," என்றார் பாதர். அவருக்கு அது நாற்பதாவது பிள்ளை. "மூண்டு அருள்நிறைந்த மரியே சொல்லுங்கோ. சமாதானமாய்ப் போங்கோ பிள்ளை."

(இதெல்லாம் ஜெனிற்றாவே ஊர் முழுக்கச் சொன்னது. பாதர் வாய் திறக்க மாட்டார்.)

வெளியே வந்த பிள்ளைகள் எல்லோரும் உடம்பு பஞ்சாகிவிட்டது என்றார்கள். ஜெனிற்றாவுக்கோ நனைந்த மீன்வலையைத் தோளில் போட்டதுபோல் இருந்தது. மூன்று செபத்தையும் ஆறு தடவை சொல்லிப் பார்த்தாள். பாரம் இறங்கவில்லை.

"லெனாட், நான் பாதரிட்டைப் பொய் சொல்லிப்போட்டன். இதோடை நாளைக்கு எப்பிடி நன்மை வாங்கிறது?"

"விசரி! மறைச்சாத்தான் பொய். கூட்டிச் சொன்னா நல்லதுதானே? மிச்சம் அடுத்த முறைக்குக் கழியும்."

"பாவம், அந்த மனுசன் களைச்சுப்போய் இருந்தவர். நான் செய்யாததுக்கெல்லாம் மன்னிப்புத் தந்தவர். நான் போய்ச் சொல்லப்போறன்."

வரிசையின் கடைசியில் போய் நின்றாள். வரிசை கொழும்புத்துறைவரை நீண்டிருந்தது. சரி, சரி, பன்னிரண்டு பேர். ஆனால் அவளுடைய கால்களைக் கேட்டால் கொழும்புத்துறை என்றுதான் சொல்லும். லெனாட் வேடிக்கை பார்க்க மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசிப் பிள்ளையும் போனது. பாதர் தோளிலிருந்த ஊதாத் துண்டைக் கழற்றிக்கொண்டே எழும்பினார்.

"பாதர், இன்னொரு பாவம் இருக்கு."

பெருமூச்சு விட்டுத் திரும்பவும் உட்கார்ந்தார்.

"முதல் சொன்னது எல்லாம் பொய் பாதர். என்னட்டைப் பாவம் காணாது எண்டு வேறை ஆளின்ரையைப் பார்த்து எழுதினனான்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்குத் தங்கச்சியே இல்லை. நான் மீசையும் வழிக்கேல்லை."

கூண்டுக்குள்ளிருந்து பாதரின் குரல் நடுங்கி நடுங்கி வந்தது.

"அப்ப இந்தப் பொய்... இது ஆரின்ரை பாவம் பிள்ளை?"

"இது என்ரைதான் பாதர். நானே செய்தது."

அவ்வளவுதான். கூண்டு குலுங்கியது. பாதர் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி மன்னிப்புக் கொடுத்தார். அந்தச் சத்தத்தில் லெனாட் துள்ளிவிழுந்து கயிற்றை இழுத்துவிட்டான்.

டாங்!

சிமியோன் அண்ணை வாசலில் கண்ணயர்ந்திருந்தார். பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஆரடா மணி அடிச்சது?"

லெனாட் கைகளைப் பின்னால் ஒளித்தான். ஜெனிற்றா துள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தான். மெல்லக் கைகளை முன்னால் கொண்டுவந்தான்.

"நான்தான் அண்ணை. பாதர் சிரிச்சவர். பயந்து இழுத்துப்போட்டன்."

"பாதர் சிரிச்சவரோ? கோயிலுக்குள்ளை நிண்டு புளுகாதை! நாலு வருசமா நான் அந்த மனுசன்ரை பல்லைக் கண்டதில்லை."

விறுவிறுவென்று கூண்டடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பி வந்து வாங்கில் உட்கார்ந்தார்.

"மெய்தான் பிள்ளையள்," என்றார். "சிரிக்கிறார். கடைவாயிலை ஒரு பல்லும் இல்லை."