சாட்சி சொன்ன பாச்சா உருண்டை

“பாச்சா உருண்டையா?”

“ஆமா சார்.”

“டீச்சர்... இது கொலை கேஸ். கரப்பான் பூச்சி கேஸ் இல்ல!”

“ஒரே ஒரு நிமிஷம் பாருங்க சார். ப்ளீஸ்!”

“அஞ்சு நிமிஷம்னுதான் சொன்னேன். ஏழாச்சு. என் பொண்ணு ரூஹி மட்டும் உங்க க்ளாஸ்ல படிக்கலைன்னா, இந்த வாசப்படியே ஏற விட்டிருக்க மாட்டேன்!”

இன்ஸ்பெக்டர் ஃபைசான் கைக்கடிகாரத்தைத் தட்டினார். மணி மூன்றே கால்.

எஸ்தர் நகரவில்லை. மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். திறந்து கிடந்த அந்த இரும்பு பீரோவின் முன்னால் இப்போது அவளே பரீட்சைக்கு வந்தவள் போல நின்றாள்.

ஆறு மணிக்குள் அவள் தம்பி பாரத்தை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்திவிடுவார்கள்.

கொலைக் குற்றம்!

நேற்று புதன்கிழமை. ஆழ்வார்பேட்டையின் இந்த மூன்றாவது மாடி ஃப்ளாட்டில், காலை பதினொன்றரைக்கு, சமையலறையில்...

சண்முகசுந்தரம் செத்துக் கிடந்தார்.

பாண்டி பஜாரில் பட்டுக்கடை வைத்திருந்தவர். பின்மண்டை உடைந்திருந்தது. கிரானைட் மேடையின் முனையில் ரத்தம். ஆனால் தரை...?

துடைக்கப்பட்டிருந்தது! துடைத்த துணியைக் காணவில்லை.

கார் சாவி கொடுக்க வந்த டிரைவர் பாரத், முதலாளியைத் தூக்கப் பார்த்தான். சட்டையெல்லாம் ரத்தம். அலறிக்கொண்டே கீழே ஓடினான். வாட்ச்மேன் மடக்கிவிட்டார்.

“துணியத் தேடிக்கிட்டே இருக்கீங்க. இந்த பீரோவத் திறந்து பாக்கவே இல்லியே சார்?” என்று எஸ்தர் கேட்டுத்தான் பீரோ திறந்தது. திறந்தவன், செத்தவரின் ஒரே மகன் ஸ்ரீஹரி. முப்பது வயது. தூங்காத கண்கள்.

“அம்மா பீரோ சார் இது. அம்மா போய் ரெண்டு வருஷமாச்சு. அன்னைக்கு அப்பா பூட்டினாரு. அதுக்கப்புறம் ஒருத்தரும் திறக்கல. சாவி எப்பவும் அப்பா இடுப்புலதான் இருக்கும். நேத்து உங்க ஆளுங்கதான் கழட்டி என் கையில குடுத்தாங்க.”

“கேட்டீங்கல்ல சார்?” எஸ்தரின் குரல் உயர்ந்தது. “ரெண்டு வருஷமா திறக்கல! அப்ப இது எப்படி?”

பட்டுப்புடவைகளின் மேல் நான்கு வெள்ளை உருண்டைகள். முழுசாக. முத்து மாதிரி.

ஃபைசான் குனிந்து பார்த்தார்.

“அதான் பாச்சா உருண்டைன்னு சொல்லிட்டீங்களே. பீரோன்னா போடுவாங்க.”

“உங்க வீட்டு வாஷ்பேசின்ல போடுவீங்கல்ல? எத்தன நாள் இருக்கும்?”

“மூணு வாரம், நாலு வாரம்... அப்புறம் காணாமப் போயிடும்.”

“எங்க போகுது?”

“தண்ணில கரைஞ்சு...”

“அதான் இல்ல! நாஃப்தலீன் தண்ணில கரையாது சார். காத்துல போகுது. திடமா இருக்கறது திரவம் ஆகாமலே நேரா வாயு ஆயிடும். பதங்கமாதல். தட்டுல வெச்ச கற்பூரம், கொளுத்தாமலே இளைச்சுப் போகுதே... அதே கதைதான்!”

ஃபைசான் நிமிர்ந்தார்.

“பூட்டின பீரோவாச்சே?”

“மெதுவா இளைக்கும். ஆனா ரெண்டு வருஷத்துல தூள்கூட மிஞ்சாது. இது பாக்கெட்ட இப்பப் பிரிச்சுப் போட்ட மாதிரி இருக்கு சார்... இந்த பீரோவ யாரோ திறந்திருக்காங்க. ஒரு நாளோ, ரெண்டு நாளோ முன்னாடி!”

ஸ்ரீஹரி அடுக்குகளைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

“அம்மாவோட சுங்குடிப் புடவை... அதக் காணோமே!”

“காணோமா?” ஃபைசான் மெல்லத் திரும்பினார். “தரையத் துடைச்ச துணி அதுதானா தம்பி?”

“சார்?”

“கீழ கேமரால பாத்தேன். டிரைவர் மேல போயி கீழ ஓடி வந்தது மொத்தம் நாலு நிமிஷம். கை ரெண்டும் காலி. நாலு நிமிஷத்துல கொன்னு, துடைச்சு, பீரோவத் திறந்து, பூட்டி, சாவிய மறுபடி இடுப்புல சொருகி... மந்திரவாதியா அவன்? ஆனா நீ பத்தே முக்காலுக்கு ஒரு துணிப்பையோட எறங்கினே!”

“கடைக்கு ரவிக்கைத் துணி சார் அது! சத்தியமா!”

“காலைல அப்பனும் புள்ளயும் கத்தின கத்து பக்கத்து ஃப்ளாட் வரைக்கும் கேட்டுச்சாமே?”

“கல்யாண விஷயம் சார். எந்த வீட்லதான் சண்டை இல்ல?”

“சண்டை எல்லா வீட்லயும் இருக்கு. பொணம் இங்கதான இருந்துது! நட!”

ஸ்ரீஹரியின் கையைக் கான்ஸ்டபிள் பிடித்தார். அவன் திமிறினான். எஸ்தரைப் பார்த்துக் கத்தினான்.

“டீச்சர்! அந்த அந்துருண்டைய நான் வைக்கல! பட்டுக்கடைக்காரன் எவனாவது அத நேரா ஜரிகை மேல போடுவானா? கறுத்துப் போயிருமே! எங்க வீட்ல வசம்பத் துணில முடிஞ்சுதான் வைப்போம். எங்க கடைல தூத்துப் பெருக்கற பொண்ணுக்குக்கூடத் தெரியும் டீச்சர்!”

லிஃப்ட் கதவு மூடியது.

எஸ்தர் ஜெயித்துவிட்டாள். ஆனால் திரும்பி அந்த நான்கு உருண்டைகளை மறுபடி பார்த்தாள்.

*

மாலை ஆறே கால். ஆட்டோ சாந்தோமைத் தாண்டிக்கொண்டிருந்தது.

பாரத் அக்காவின் தோளில் சாய்ந்திருந்தான். ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

“அக்கா... பத்தாவதுல சயின்ஸ்ல நான் முப்பத்தஞ்சு. இவ்ளோ மேட்டரு அதுல கீதுன்னு தெரிஞ்சிருந்தா ஒழுங்கா படிச்சிருப்பேன்.”

“தூங்குடா.”

தூங்கிவிட்டான்.

எஸ்தரால் கண்ணை மூட முடியவில்லை. ஜரிகை மேல் போட மாட்டான்... பட்டுக்காரன் போட மாட்டான்...

அப்படியானால் போட்டது பட்டைப் பற்றித் தெரியாத கை.

தெரியாத கை எதற்குப் போட வேண்டும்? அவசரத்தில் பீரோவைத் திறந்து மூடியவர்களுக்குப் பூச்சியைப் பற்றி என்ன கவலை?

ஆட்டோ லூப் ரோட்டுக்குத் திரும்பியது. கடல் காற்றோடு அந்த வாசனை உள்ளே வந்தது. பிறந்ததிலிருந்து அவள் தலைமுடியில், பாடப்புத்தகத்தில், சோற்றில் எல்லாம் இருந்த வாசனை.

மீன்!

எஸ்தரின் முதுகு நிமிர்ந்தது.

பாச்சா உருண்டை பூச்சிக்கு மட்டுமா? நாற்றத்துக்கும் போடுவார்களே!

“கர்த்தரே...” என்று முணுமுணுத்தாள்.

*

“வந்துட்டாளே என் டீச்சரம்மா!”

லூர்துமேரி மீன் பலகையிலிருந்து எழுந்து வந்தாள். மகனைக் கட்டிக்கொண்டாள். கைகளைப் படாமல் தூக்கிப் பிடித்தபடியே கட்டிக்கொண்டாள். அழுதாள். சிரித்தாள்.

“போயி குளிடா நைனா. வஞ்சிரம் வறுத்து வெச்சிக்கீறேன்.”

பாரத் வீட்டுக்கு நடந்தான்.

எஸ்தர் நடக்கவில்லை.

“அம்மா.”

“இன்னா?”

“நேத்து ஆழ்வார்பேட்டைக்கு மீன் எடுத்துக்கினு போனியா?”

செதில் சீவிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

“புதன்கெழம எப்பவும் போற வூடுதான?”

“கேமரால நீ வந்ததா இன்ஸ்பெக்டர் சொல்லலியே!”

“மீன் கூடையோட அந்த வாட்ச்மேன் லிஃப்டுல வுடுவானா? நாறுதாம். பின்னால படில ஏறுன்னுவான். அங்க ஏது கேமரா?”

“அது ரெண்டு ஆம்பளைங்க இருக்கற வீடும்மா.” எஸ்தர் பலகையருகே குனிந்தாள். “புடவை இருக்கற ஒரே எடம் அந்த பீரோதான். தரையத் துடைக்கறதுன்னா வேட்டி போதும், துண்டு போதும். புடவையே வேணும்னா... ரத்தம் பட்ட புடவையோட ரோட்ல எறங்க முடியாத ஒரு பொம்பளைக்குத்தான் வேணும்.”

லூர்துமேரி கத்தியைப் பலகையில் வைத்தாள். அலை ஒன்று வந்து உடைந்து திரும்பிப் போனது.

“கைய புடிச்சி இழுத்தான் எஸ்தரு. ‘உம் புள்ள எங்கிட்ட வேலைல இருக்கணுமா வேணாமா’ன்னான். தள்னேன். மேடை முனைல வுழுந்தான். எழுந்திருப்பான், எழுந்திருப்பான்னு பாத்தேன்... எழுந்திரிக்கல.”

“சாவி?”

“இடுப்புல தொங்கிக்கினு இருந்துச்சு. பீரோல ஒரு பொடவைய எடுத்து கட்டிக்கினு, சாவிய அங்கயே சொருவிட்டேன். எம் பொடவையாலயே தரைய தொடச்சேன். அத மீனுக்கு அடில போட்டு அமுக்கிட்டேன். மீன் கூடைல ரத்தத்த எவன் கேப்பான்?”

“உருண்டை...?”

லூர்துமேரி தன் இரண்டு கைகளையும் மூக்கருகே கொண்டுபோனாள். லேசாகச் சிரித்தாள்.

“நான் தொட்டா இன்னா வாசன வரும்னு உனுக்குத் தெரியாதா? பீரோவ தொறந்ததும் மீன்காரி வந்துட்டு போனான்னு அதுவே கூவுமே! வாஷ்பேசினாண்ட பாக்கெட்டு இருந்துச்சு. பிரிச்சி போட்டேன்.”

“பாரத்த புடிச்சுக்கினு போனாங்களே... அப்பவாவது சொல்லக் கூடாதாம்மா?”

“ராவெல்லாம் தூங்கலடி. இன்னிக்கு கோர்ட்டாண்ட போயி நானே சொல்லிக்கலாம்னு கெளம்பிக்கினு இருந்தேன். செருப்பு மாட்டசொல்லோ உன் போனு வருது. ‘தம்பிய வுட்டுட்டாங்கம்மா’ன்ற. அப்டியே குந்திட்டேன்.”

எஸ்தர் மீன் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஸ்ரீஹரி உள்ள இருக்கான்மா. அவன் ஒண்ணுமே பண்ணல. நான்... நான்தான் புடிச்சுக் குடுத்தேன்!”

“தெரியும்.”

“அவனுக்கு அம்மாவும் இல்ல. இப்ப அப்பாவும் இல்ல!”

லூர்துமேரி கத்தியை எடுத்தாள். தண்ணீரில் கழுவினாள். மறுபடி கழுவினாள்.

அப்போது...

எஸ்தரின் செல்போன் அலறியது!

திரையில் இன்ஸ்பெக்டர் ஃபைசான்.

ஈர விரல் தவறி ஸ்பீக்கரில் பட்டது.

“டீச்சர்! தொந்தரவுக்கு மன்னிக்கணும். அந்தப் பையன் ஜரிகை, ஜரிகைன்னு அதையே கத்திக்கிட்டு இருக்கான். ரெண்டு கடைல விசாரிச்சேன். நிஜம்தானாம். பட்டுக்காரங்க யாரும் அப்படிப் போட மாட்டாங்களாம். அப்ப எனக்கு ஒரு டவுட்டு... பூச்சிக்கு இல்லைன்னா, அந்த உருண்டைய வேற எதுக்குப் போட்டிருப்பாங்க? உங்க சயின்ஸ்ல ஏதாவது காரணம் இருக்கா? ஹலோ... டீச்சர்...?”

எஸ்தர் போனைக் கையால் பொத்தினாள்.

வீட்டுப் பக்கமிருந்து தம்பி குளித்துக்கொண்டே பாடுவது கேட்டது.

லூர்துமேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மகளின் காதருகே குனிந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“டீச்சரம்மா... உன் பொஸ்தகத்துல அந்த ஒரு பக்கத்த மட்டும் பூச்சி அரிச்சிடுச்சுன்னு சொல்லிடேன்...?”