நான்காம் இடத்துச் சிவப்பு

திங்கள், காலை 10.10.

சுவரில் தொங்கிய தீவு வரைபடத்தில் நான்காம் எண்ணுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. ஸ்ரீப்ரியா மூன்றாவது முறையாகப் பார்த்தாள். இல்லாதது இல்லாமலேயே இருந்தது.

கழக்கூட்டம் என்ற ஊரில் ஐ.டி. கம்பெனிக்காரர்களின் விடுமுறையை நம்பிப் பிழைக்கும் சின்னச் சுற்றுலா அலுவலகம் அது. வாயில் குழாயை வைத்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு மீன் பார்க்கும் ஸ்நார்க்கலிங்தான் அங்கே முக்கிய வியாபாரம். லட்சத்தீவில் ஒரு தீவு, அதைச் சுற்றிப் பதினோரு இடங்கள். சிவப்புப் புள்ளி ஒட்டிய இடத்தில் கடல் இழுக்கும். ஆளை இறக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். புள்ளி ஒட்டுவது ஸ்ரீப்ரியாவின் வேலை.

போன வெள்ளிக்கிழமை நான்காம் இடத்தில் இறங்கிய பாறசாலை வேலாயுதன், வயது அறுபத்தொன்று, மீனைப் பார்த்தபடியே கடலோடு போனார். படகுக்காரர் இழுத்துப் போட்டதால் இங்குள்ள ஆஸ்பத்திரி வரை திரும்பி வந்தார். பேச்சு இன்னும் வரவில்லை.

அவருடைய மகள் ஷீஜா இப்போது வரைபடத்தின் முன்னால் நின்றாள். மென்பொருளில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குபவள். அழ வேண்டியதை வீட்டிலேயே அழுதுவிட்டு வந்திருந்தாள்.

"இடத்தைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

"ஞானாக்கும் சேச்சி," என்று ஒப்புக்கொண்டான் புக்கிங் பார்க்கும் அபின். "அதுக்கு முந்தின சனிக்கிழமை. வந்த உடனே, பதினொண்ணு மணிக்கு. நாலுல சிவப்பு இல்ல. சத்தியம்."

"இருந்தது," என்றாள் ஸ்ரீப்ரியா. நெற்றியிலிருந்த மெரூன் பொட்டை விரல் தானாகத் தொட்டுப் பார்த்தது. "அதுக்கு முதல் நாள் சாயங்காலம் தீவுலேருந்து வேற ஒரு படகுக்காரர் போன் பண்ணினார், நாலுல நீரோட்டம் மாறிப்போச்சுன்னு. சிவப்பு ஒட்டிட்டுத்தான் நாகர்கோவில் பஸ்ஸுக்கு ஓடினேன். அக்கா கல்யாணம். இன்னைக்குத்தான் வர்றேன்."

சொன்ன எதுவும் பொய்யில்லை. ஒரே ஒரு சொல் குறைந்தது.

முதலாளி கோலப்பன் தொண்டையைச் செருமினார். அவர் தலைக்கு மேல் பகவதி படம்: செம்பருத்தி மாலை, சந்தனம், நெற்றியில் பொன் ஓரம் வைத்த மெரூன் பொட்டு. அவர் முன்னால் ஒரு பணிநீக்கக் கடிதம். பெயருக்கான இடம் மட்டும் காலி. ஆள் கிடைத்ததும் நிரப்பிக்கொள்வதாக ஏற்பாடு.

"அப்பம் இது தொடைக்கியவ வேலை," என்றார்.

டீ டம்ளர்களோடு நின்ற தாசம்மாள் நிமிர்ந்தாள். பதினோரு வருடமாக அங்கே கூட்டித் துடைப்பவள்.

"தொடைப்பேன் சாரே. ஒட்டினதப் பிய்க்க மாட்டேன்."

"பகவதி படத்தத் தூசி தட்டச் சொன்னாலும்தான் மாட்டேங்குத."

"அது உங்க சாமி. தொட்டா எங்க பாஸ்டர் ஏசுவாரு, தொடலைன்னா நீங்க ஏசுதீய. உங்க ஏச்சு பழகிப்போச்சு."

கோலப்பன் பேனாவைத் திறந்து காலியிடத்தில் 'தா' என்று எழுதினார்.

ஸ்ரீப்ரியா வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அபின் சிரிப்பான் என்பது முதல் பயம். வேலை போய்விடும் என்பது இரண்டாவது. அதற்கும் கீழேதான் தாசம்மாள் வந்தாள். வரிசை அப்படி இருப்பது அவளுக்கே தெரிந்தது.

10.40.

ஷீஜா மேசை இழுப்பறையிலிருந்து ஸ்டிக்கர் அட்டையை எடுத்தாள்.

"ஒரு அட்டைக்கு அஞ்சு சிவப்பு. அட்டை காலி. வேற அட்டை இருக்கா?"

"அது ஒண்ணுதான் வாங்கினோம்," என்றார் கோலப்பன்.

"மேப்ல இப்பவும் அஞ்சு சிவப்பு இருக்கு. அப்போ ஆறாவது ஏது ஸ்ரீப்ரியா? எதை ஒட்டினீங்க?"

ஸ்ரீப்ரியாவின் விரல் மறுபடி நெற்றிக்குப் போனது.

"பொட்டு," என்றாள் ஸ்ரீப்ரியா. "ஸ்டிக்கர் தீர்ந்துபோச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சு. நெற்றியில இருந்ததை எடுத்து ஒட்டிட்டேன். யார்கிட்டேயும் சொல்லல."

அபின் சிரித்தான். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. தாசம்மாள் சிரிக்காமல் பார்த்ததுதான் வலித்தது.

ஷீஜா ஸ்ரீப்ரியாவின் நெற்றியைப் பார்த்தாள். மெரூன், பொன் ஓரம். பிறகு கோலப்பனின் தலைக்கு மேலே பார்த்தாள்.

"சார், பகவதிக்கு தினமும் என்ன வைப்பீங்க?"

"சந்தனமும் குங்குமமும். காலையில ஒம்பதுக்குத் திறந்த உடனே. என் கையாலதான்."

"குங்குமம் எங்கே?"

கோலப்பன் திரும்பிப் பார்த்தார்.

"அந்தச் சனிக்கிழமை காலையில," என்றார், சுவரைப் பார்த்தபடி, "மேப்ல ஒட்டியிருந்துது. பொம்பளையள் குளிக்கிய ரூம் கண்ணாடியில ஒட்டிப்போடுவாளுவல்லா, அது மாதிரின்னு நெனச்சேன். பொட்டக் குப்பையில போடப்பிடாதுல்லா பிள்ளே. அதான் அம்மைக்கு..."

ஷீஜா குரலை உயர்த்தவில்லை.

"தாசம்மாள் அக்கா அந்தப் படத்தைத் தொட மாட்டாங்க. அபின் வந்தது பதினொண்ணுக்கு. அப்பவே சிவப்பு இல்ல. ஸ்ரீப்ரியா ஊர்லயே இல்ல. ஒம்பதுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல இங்கே சாமியத் தொடுற கை ஒண்ணுதான். எங்க வீட்டுக் கண்ணாடியிலயும் அம்மா பொட்டு ஏழு இருக்கு. அதைப் பார்த்து யாரும் பயந்ததில்ல." அவள் பையை எடுத்தாள். "பிய்ச்சது நீங்க சார். பிய்க்கிற மாதிரி வெச்சது இவங்க."

கோலப்பன் கடிதத்திலிருந்த 'தா'வை அடித்தார். அந்த இடத்தில் போட இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்றையும் போடவில்லை. முதலாளியை நீக்க எந்தக் கடிதத்திலும் வாசகம் கிடையாது. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எந்த வார்டு மக்களே?" என்று ஷீஜாவிடம் கேட்டார். "நானும் வாறேன்."

"வாங்க. அம்மா இருப்பாங்க. அம்மா ஏசுவாங்க."

"ஏசட்டும்."

இருவரும் படியிறங்கினார்கள்.

"அக்கா..." என்று ஆரம்பித்தாள் ஸ்ரீப்ரியா.

"அவரு 'தா' எழுதுததுக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாம் மக்களே," என்றாள் தாசம்மாள். டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள்.

11.20.

ஸ்ரீப்ரியா நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து நான்காம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். இந்த முறை மார்க்கர் பேனாவால் அதன் கீழே எழுதினாள்: 'கடல் இழுக்கும். இறங்கக் கூடாது.' எழுதி முடிக்க எட்டு நொடி ஆனது.

அவள் பொட்டை ஒட்டிவிட்டு ஓடிய அந்த வெள்ளிக்கிழமை நாகர்கோவில் பஸ் இருபது நிமிடம் தாமதமாகத்தான் வந்தது.