பின்கதவு

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குள் தன் நிழல் விழுந்திருப்பதை லூயிஸ் முதலில் நம்பவில்லை.

சிதம்பரம் மேல வீதி, சனிக்கிழமை, காலை பதினோரு மணி. பூட்டிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டரில் ஒட்டியிருந்தார்கள். மைதாப் பசையின் புளித்த வாடை இன்னும் போகவில்லை. சைக்கிளில் சாணைக்கல் வைத்துக் கத்தி தீட்டுகிற கண்ணாயிரம் கருப்பு வெள்ளையில் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோள்மேல் படம் எடுத்தவனின் நிழல் சாய்ந்திருந்தது. தொப்பி போட்ட நிழல். தொப்பியின் வலது ஓரம் கிழிந்து தொங்கியது.

லூயிஸ் தன் தொப்பியைக் கழற்றிப் பார்த்தான். வலது ஓரம் கிழிந்துதான் இருந்தது.

அந்தப் படத்தை அவன்தான் எடுத்தான், மூன்று வாரத்துக்கு முன்னால், இதே வீதியில். ஒரே தடவைதான் அழுத்தினான். ஆனால் அந்த பிலிம் ரோல் இதோ, அவன் கழுத்தில் தொங்குகிற பழைய கேமராவுக்குள்தான் இருக்கிறது. கழுவவில்லை, வெளியே எடுக்கவுமில்லை. படத்தை அவனே இன்னும் பார்த்ததில்லை என்றால் வேறு எவன் பார்த்திருப்பான்?

எதிர் டீக்கடைக்காரரிடம் கேட்டான்.

"முந்தாநாள் சார். உக்காந்த எடத்துலயே போயிட்டாரு. ஆளு கல்லு மாதிரி இருந்தாரு, ஒரு நோவு கெடையாது."

"இந்த போட்டோவ யாரு குடுத்தாங்க?"

"அதான் சார் தெரியல. அவுங்க வூட்ல ஒரு போட்டோகூட இல்லன்னு அழுதாங்க. பிரஸ்ல போய்ப் பாத்தா போஸ்டரே ரெடியா இருந்துதாம்."

லூயிஸ் வாங்கிய டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு நடந்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை அவனுக்கு. சனி, ஞாயிறு வந்தால் கேமராவும் கழுத்துமாகக் கிளம்பிவிடுவான். பையில் நல்ல போன் இருந்தாலும் அவனுக்கு பிலிம்தான் வேண்டும், அதுவும் கருப்பு வெள்ளைதான் வேண்டும். மனைவி ஜோதி மேரி வாயாரத் திட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை மாமா என்றுதான் கூப்பிடுவாள். "கலர்ல எடுத்தா கையி வெந்துடுமா மாமா? செத்தவங்க படம் மாட்ற மாதிரி இருக்கு. எம்புள்ளைய மட்டும் இதுல புடிச்சிடாதீங்க, சொல்லிட்டேன்."

புடிச்சிட்டான். நேற்று சாயங்காலம்.

முப்பத்தாறு படம் உள்ள ரோலில் ஒன்று பாக்கி இருந்தது. ரோலை முடித்தால்தான் அடுத்ததைப் போட முடியும். கடைசிப் படத்தை எதன்மேலாவது வீணாக்குவது பிலிம்காரர்களுக்கு வழக்கம்தான். எட்டு வயது பிரிசில்லா வாசற்படியில் உட்கார்ந்து கொய்யா கடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, கலரா?" என்றாள். "கலர்தான் பாப்பா," என்று பொய் சொல்லி அழுத்தினான். பாவி.

பஸ் ஸ்டாண்டு வாசலில் அடுத்த போஸ்டர். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற கொளஞ்சியம்மா, கூடையைத் தூக்கும்போது அவன் எடுத்த அதே நொடியில். இதுவும் முந்தாநாள்தான்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நினைவிலேயே ரோலைப் புரட்டினான். முப்பத்தாறில் பெரும்பாலும் சுவர், நாய், படகு, மழைத் தண்ணீர். ஆள் முகம் ஏழுதான். கண்ணாயிரம், கொளஞ்சியம்மா, பி.முட்லூர் நிழற்குடையில் தூங்கிய ராமாமிர்தம், புதுச்சத்திரத்தில் ஆடு மேய்த்தவர், ஆலப்பாக்கத்தில் குடை பிடித்த டீச்சர். ஆறாவது, அவன் ஊரான கடலூர் முதுநகரில், துறைமுகத்தில் வலை பின்னுகிற செம்பியன். ஏழாவது...

ஏழாவதை அவன் மனசுக்குள்கூடச் சொல்லவில்லை.

பி.முட்லூரில் பஸ் நின்றது. நிழற்குடைத் தூணில் ராமாமிர்தம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், போஸ்டரில். மறைவு என்ற இடத்தில் நேற்றைய தேதி. வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. பஸ்ஸுக்குள் மல்லிகை, டீசல், யாரோ உரித்த ஆரஞ்சு, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பசை வாடை. கையை முகர்ந்தான், சட்டையை முகர்ந்தான். எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை.

புதுச்சத்திரம். ஆட்டுக்காரர். நேற்று.

மாதாவே, போதும். வாய் தானாக அருள் நிறைந்த மரியாயே சொன்னது, பாதியில் மறந்தது, மறுபடி முதலிலிருந்து சொன்னது. ஆலப்பாக்கம் வரும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறக்கக் கூடாது. திறந்தான்.

டீச்சர். குடை. இன்றைய தேதி.

போனை எடுத்தான். இரண்டு தடவை தப்பாக அழுத்தினான்.

"பாப்பா எங்க?"

"படம் வரைஞ்சிக்கினு இருக்கா. ஏன் மாமா மூச்சு வாங்குறீங்க?"

"வெளிய வுடாத. பக்கத்துலயே இரு."

"எங்க வுடறது? தெருவே கூடிக் கெடக்கு. வல பின்னுவாரே செம்பியன் அண்ணன், இப்பதான் போயிட்டாராம். நல்லா பேசிக்கினு..."

போனை வைத்துவிட்டான். ஆறு முடிந்தது.

கேமராவைப் பார்த்தான். இந்தக் கேமராவில் ரோல் முடிந்ததும் பிலிமைத் திரும்ப டப்பாவுக்குள் சுற்றிவிட்டுத்தான் பின்கதவைத் திறக்க வேண்டும். சுற்றாமல் திறந்தால் வெளிச்சம் பட்டு எரிந்துவிடும். டீக்கடையில் உட்கார்ந்து சுற்றலாம் என்று லூயிஸ் இன்னும் சுற்றாமல்தான் வைத்திருந்தான். கடைசியாக எடுத்த படம் மேல் சுற்றில் இருக்கும். திறந்தால் முதலில் எரிவது அதுதான்.

படம் இருந்தால்தானே போஸ்டர்! படமே இல்லையென்றால்? எதை வைத்து ஒட்டுவார்கள்?

வேறு வழி தெரியவில்லை அவனுக்கு. யாருக்குத் தெரியும்?

கதவைத் திறந்தான். மேல் சுற்றை நகத்தால் நெம்பி இழுத்து ஜன்னல் வெயிலில் பிடித்தான். ஓரம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள். அவற்றின் வழியாக வெயில் அவன் மடியில் வரிசையாக விழுந்தது. "எரி," என்றான் வாய்விட்டு. "எரிஞ்சி போ, எரிஞ்சி போ."

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பினார். "என்னா சார், வீணாயிடாதா?"

"வீணாவட்டும்ங்க." லூயிஸ் சிரித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பிலிமை உள்ளே திணித்துக் கதவைச் சாத்தினான்.

முதுநகரில் இறங்கி ஓடினான். தெருமுனைச் சுவரில் புதுப் போஸ்டர், பசை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. ஒட்டியவன் எவனையும் காணோம். எல். பிரிசில்லா என்று பெயர். மண்ணில் என்ற சொல்லுக்கு எதிரே அவள் பிறந்த தேதி. விண்ணில் என்ற சொல்லுக்கு எதிரே ஒன்றுமில்லை. படம் இருக்க வேண்டிய கட்டம் வெறும் வெள்ளை.

எரிந்துவிட்டது. தேதி இல்லை. பிள்ளை பிழைத்தாள்! அந்தச் சுவரையே கும்பிட்டான், பைத்தியக்காரன் மாதிரி.

வாசலில் ஜோதி மேரி நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பாப்பா ஒரு மாதிரி பேசுது மாமா. காய்ச்சல் இல்ல. கண்ணு கூசுது, கண்ணு கூசுதுன்னு ஒரே அழுகை. ஜன்னலெல்லாம் சாத்திட்டேன், அப்பவும் ஜாஸ்தியாவுதுங்குது. கிட்ட போனா மூஞ்சிய காட்ட மாட்டுது."

"எப்பலேர்ந்து?"

"நீங்க போன் வெச்சீங்க இல்ல, அதுக்குக் கொஞ்ச நேரத்துல."

அறை இருட்டாக இருந்தது. பசை வாடை. பிரிசில்லா சுவரைப் பார்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாதி வரைந்த படமும் கலர் பென்சில்களும் கிடந்தன.

"பாப்பா."

"அப்பா, யாரோ பின்கதவ தொறந்துட்டாங்கப்பா. வெளிச்சமா வருது."

அந்த வீட்டுக்குப் பின்கதவு கிடையாது. வாசல் ஒன்றுதான்.

"சாத்துங்கப்பா."

"இங்க பாரு பாப்பா. அப்பாவப் பாரு."

திரும்பினாள்.

வலது காதோரத்திலிருந்து மோவாய்வரை, ஒரே அளவில், ஒரே இடைவெளியில், சின்னச் சின்னச் சதுரங்கள். அவற்றைத் தாண்டி நெற்றி இல்லை. கண் இல்லை. மூக்கு இல்லை. காயமில்லை, ரத்தமில்லை. வெள்ளை. வெறும் வெள்ளை. அது மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கொய்யாக் கறை படிந்த சின்ன வாய் மட்டும் மிச்சம் இருந்தது.

"சாத்துங்கப்பா," என்றது அந்த வாய்.

பின்னால் ஜோதி மேரி அலறினாள். லூயிஸ் கழுத்திலிருந்த கேமராவின் கதவை இரண்டு கையாலும் அழுத்தினான். இன்னும் அழுத்தினான். நகம் பிய்ந்தது.

அது மூடித்தான் இருந்தது.