பத்து லட்சமாவது காது

ரெஜினாவை ‘ஒரே கூரை’ நிகழ்ச்சியின் வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்கு வெளியேற்றினார்கள். அது ஒளிபரப்பாவது மாலை ஏழு மணிக்கு. அதற்குள் அவள் சென்னையிலிருந்து தூத்துக்குடி போய், அம்மாவின் காதுக்குப் பின்னால் இருக்கும் பற்றொட்டியைப் பிய்த்தாக வேண்டும்.

பற்றொட்டி என்பது மிளகளவு வில்லை. அதை ஒட்டிக்கொண்டு யாரைப் பின்தொடர்கிறோமோ, அவர் சிரித்தால் நமக்கு இனிக்கும், அழுதால் நமக்கு வயிறு கலங்கும். நாற்பது வருடம் ஓடி நொண்டிப்போன நிகழ்ச்சிக்கு இதைவிட நல்ல ஊன்றுகோல் ஏது? தங்களைப் பின்தொடரும் காதுகள் பத்து லட்சம் வைத்திருப்பவர்களை மட்டுமே வீட்டுக்குள் விட்டார்கள். ஒருவர் வெளியேறும் காட்சி ஒளிபரப்பானதும் அவருடைய காதுகளின் பாசம் மொத்தமும் நிகழ்ச்சிக்கு மாறிவிடும். திரும்பாது. ஒப்பந்தத்தில் எழுதித்தான் இருந்தது. ஜெயிப்போம் என்ற தெம்பில் ரெஜினாவும் கையெழுத்துப் போட்டாள்.

அப்போது அவளுக்கு ஒரே ஒரு காது குறைந்தது. நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவைப் பிடித்து ஒட்டிவிட்டாள்.

“எனக்கு எதுக்குட்டி இது? ஒம்மேல பாசம் வைக்க எனக்கு மெஷினு வேணுமா?” என்றாள் அம்மா.

பழைய பாசம், புதுப் பாசம் என்று ஒட்டி பிரித்துப் பார்க்காது. எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விடும். கழற்றிவிட்டு ஒளிபரப்புக்குப் பிறகு மறுபடி ஒட்டினாலும் அதே கதைதான். தயாரிப்பாளர் இதை வாசலில் வழியனுப்பும்போதுதான் சொன்னார். “வீட்டு ஆளுங்களுக்கு ஒட்டலையே? நல்லது” என்று சிரித்தார். கைபேசியை ஒளிபரப்பு முடிந்த பிறகுதான் தருவார்களாம். பத்து லட்சம் பேரைச் சேர்த்தவளுக்கு அம்மாவின் எண் மனப்பாடமில்லை.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு வீட்டுக்குள் ஓடினாள். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் தலையைச் சாய்த்து, வில்லையைப் பிய்த்து மேசைமேல் எறிந்தாள். அம்மா காதைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ஏட்டி, இப்படி எளச்சுப் போய் வந்திருக்கியே. சாப்ட்டியா?”

ரெஜினா அந்த மடியில் விழுந்து அழுதாள். நல்லவேளை, தப்பித்தோம் என்று நினைத்தாள்.

மணி ஏழானது.

இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கணக்குத் தொடங்கியதும் முதல் ஆளாகத் தன்னையே பின்தொடர்வார்கள். ரெஜினாவின் காதுக்குப் பின்னாலும் ஆறு வருடமாக ஒரு வில்லை ஒட்டியிருந்தது. பழகிப்போனதால் அவளுக்கு அது நினைவிலேயே இல்லை.

அழுகை சட்டென்று நின்றது. திரையில் தன் முகம் அழுதுகொண்டே வெளியேறுவதைப் பார்த்தாள். யாரோ ஒருத்தி போகிறாள் என்றிருந்தது. அவள் இடத்துக்கு வந்த புதுப்பெண் வலதுகால் எடுத்து வைத்ததும் நெஞ்சு நிறைந்தது.

“கொஞ்சம் சோறு திங்கியாட்டி?” அம்மா அவள் முடியைக் கோதினாள்.

“சும்மா இரும்மா. சத்தம் கேக்கல.”

பிறகு மேசையில் கிடந்த வில்லை கண்ணில் பட்டது. நிகழ்ச்சிக்கு ஒரு காது குறையுமே என்று வயிறு கலங்கியது. அதை எடுத்துப் பதமாகத் துடைத்தாள்.

“தலையக் கொஞ்சம் சாய்ம்மா” என்றாள்.

மகள் கேட்கிறாளே என்று அம்மா சாய்த்துக் கொடுத்தாள்.