கிப்பியின் கையில் ஒரு பிடி பழுப்பு

"கால் வழுக்கித்தான் விழுந்திருக்கான்! அந்தப் படியெல்லாம் பாசி..."

"வழுக்கி விழுந்தவன் கையில எதுக்கு மேடம் கம்பளி..."

"...பாசி பிடிச்சுக் கெடக்குதுன்னு நான் போன வருஷமே கத்தினேன்!"

"...ஒரு பிடி கம்பளி! என்னை முடிக்க விடுங்க!"

"ஷெட்லாண்டுல செத்தவன் கையில கம்பளி இல்லாம ரோஜாப்பூவா இருக்கும், சார்ஜெண்ட்?"

சார்ஜெண்ட் லீஸ்க் வாயை மூடினார். பெருமூச்சு விட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

உறையின் ஒரு மூலை ஈரமாக இருந்தது. கடல் ஈரம்.

டாக்டர் ஓஸ்லா இங்க்ஸ்டர் அதைத் தொடவில்லை.

நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்துக்கு அவள் ஒருத்திதான் ஆள். ஆட்டு ரோமத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவுக்கு ஆடுகளுக்கே தெரியாது என்று லெர்விக் ஊரில் சொல்வார்கள்.

"கிப்பி ஹால்க்ரோவை யாரு முதல்ல பார்த்தது?" என்று கேட்டாள்.

"மேன்சி டல்லக். டூரிஸ்டுங்களுக்கு ஸ்வெட்டர் விக்கிறாரே, அவர்தான். காலைல நாயைக் கூட்டிக்கிட்டுத் துறைப் பக்கம் போனாராம். தண்ணி வத்தியிருக்கு. கடைசிப் படியில கிப்பி குப்புறக் கெடந்திருக்கான். தலையில அடி. கை மட்டும் இறுக்கி மூடியிருந்துச்சு. பிரிக்கிறதுக்கே ரெண்டு பேர் வேண்டியிருந்தது!"

"பாவம். ரோமத்தைத் தரம் பிரிச்சுப் பிரிச்சு இரும்பான கை."

"அந்தக் கையிலதான் இது இருந்தது. பழுப்பு நூல் பிசிறு. அனுப்ப வேண்டிய லேப் அபர்டீன்ல இருக்கு. மூடுபனியில விமானமும் இல்ல, கப்பலும் இல்ல. நீங்கதான் பார்க்கணும்."

"பார்க்கிறேன். வச்சிட்டுப் போங்க."

"மேன்சி இன்னொண்ணும் சொன்னார்..."

"என்ன?"

"நேத்து சாயங்காலம் துறையில உங்க எதிர்க்கரை எர்ட்டியைப் பார்த்தாராம். பழுப்பு ஸ்வெட்டர்ல."

ஓஸ்லாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பழுப்பு ஸ்வெட்டர் போட்டவனெல்லாம் கொலைகாரன்னா, இந்தத் தீவுக்கே கூரை போட்டு ஜெயில்னு போர்டு மாட்டணும்!"

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். நூலோட முறுக்கு, தடிமன்... நீங்கதான் தொட்டுப் பார்த்தே ஆட்டோட பேரைச் சொல்லுவீங்களே!"

"பேர் தெரியாது. குணம் மட்டும் தெரியும்."

லீஸ்க் சிரிக்காமல் தொப்பியை எடுத்தார்.

"மேன்சி ஸ்டேஷனுக்கு வர்றார், வாக்குமூலம் எழுதிக் குடுக்க. உங்க போனுக்காகக் காத்திருப்பேன் மேடம்."

கதவு சாத்திக்கொண்டது.

*

பழுப்பு.

வேறு ஊரில் அது சாயத்தின் பெயர். இங்கே ஆட்டின் பெயர். மூரிட் என்பார்கள். பிறக்கும்போதே பழுப்பு. சாயமே வேண்டாம்.

எர்ட்டியின் ஸ்வெட்டர் மூரிட். ஓஸ்லாவே நூற்றது. ஓஸ்லாவே பின்னியது. ஒரு குளிர்காலம் முழுக்க, ரேடியோவோடு பேசிக்கொண்டே பின்னியது. ரேடியோ பதில் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

எர்ட்டி கடற்கழிக்கு எதிர்க்கரையில் தனியாக ஆடு வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து வருவான். டீ குடிப்பான். பன்னாக் ரொட்டியைக் குறை சொல்வான். குறை சொல்லிக்கொண்டே மிச்சம் வைக்காமல் தின்பான். போய்விடுவான்.

அவ்வளவுதான்.

ஆனால் ஓஸ்லாவின் வீட்டுக் கதவைத் தட்டுகிற கை உலகத்தில் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் காற்று!

இன்று காலை வேலைக்கு அவன் வீட்டைக் கடந்துதான் வந்தாள். வாசலில் மரப் பலகை. பலகையில் விரித்து மாட்டிய பழுப்பு ஸ்வெட்டர். ஈரம் சொட்டச் சொட்ட!

ஸ்வெட்டரை நனைப்பதென்றால் எர்ட்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை. இது அந்தத் தடவை இல்லை.

மார்பில் துருப் பிடித்த மாதிரி ஒரு கறை. அலசியும் போகாத கறை.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் எரித்திருப்பான். கல்லைக் கட்டிக் கடலில் போட்டிருப்பான். இங்கே பிறந்தவன் கைப்பின்னல் ஸ்வெட்டரை எறிய மாட்டான். கொலையே செய்திருந்தாலும், பச்சைத் தண்ணீரில் அலசி, தோள் இறங்காமல் பலகையில் இழுத்து மாட்டி, நிழலில்தான் காயப்போடுவான்!

ஓஸ்லா ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டாள். பிசிறை இடுக்கியால் வெளியே எடுத்தாள்.

பழுப்பு. அதே பழுப்பு.

மைக்ராஸ்கோப் ஜன்னலோரம் இருந்தது. அதன் மேல் மூடிய துணியை அவள் எடுக்கவில்லை.

பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் சொல்ல வேண்டும். சொன்னால்...

டொக்! டொக்! டொக்!

"ஓஸ்லா! நான்தான், எர்ட்டி! கதவைத் தொற! குளிர்ல வெறச்சுப் போயிருவேன் போலிருக்கு!"

ஓஸ்லா கதவைப் பார்த்தாள். பின்வாசலைப் பார்த்தாள். டெலிபோனைப் பார்த்தாள்.

கதவைத் திறந்தாள்.

எர்ட்டி உள்ளே வந்தான். மழைக்கோட்டுக்குள் வெறும் சட்டை. பல் தந்தியடித்தது.

"லீஸ்க் போறதைப் பார்த்தேன். கிப்பி விஷயமாவா?"

"ஆமா."

"பாவம். நாக்குதான் கத்தி. மனசு வெண்ணெய். நேத்துகூட அவனோட சண்டை போட்டேன்."

"எங்க?"

"துறையில. என் ஆட்டு ரோமத்தை ரெண்டாந்தரம்னு சொல்லிட்டான்! என் ஆட்டை! அவன் மூஞ்சியே மூணாந்தரம்!"

செத்தவனைத் திட்டிவிட்டோம் என்று உறைத்ததும் எர்ட்டி தலையைச் சொறிந்தான்.

"ஸ்வெட்டர் எங்க எர்ட்டி?"

அவன் தரையைப் பார்த்தான்.

"காயுது."

"எதுக்குத் துவைச்சே?"

"அழுக்காச்சு."

"மார்ல கறை இருக்கே?"

"அதையும் பாத்துட்டியா?" அவன் குரல் இறங்கிவிட்டது. "முழங்கையும் கிழிஞ்சு போச்சு ஓஸ்லா. ஒரு பிடி பிஞ்சுக்கிட்டுப் போயிடுச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்..."

"எப்படிக் கிழிஞ்சது?"

"விடேன். இப்ப அதைப் பத்திப் பேச வேணாம்."

ஓஸ்லா கையுறைகளைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"முன்ரூம்ல உக்காரு. ஹீட்டர் எரியுது. டீ கொண்டாரேன்."

கொண்டு போய்க் கொடுத்தாள். கப்பை வாங்கும்போது அவன் விரல்கள் அவள் விரல்களில் பட்டன. பெரிய கைகள். ஆட்டைத் தூக்கித் தூக்கிப் பழகிய கைகள்.

ஓர் ஆளையும் தூக்க முடியும்... தள்ளவும் முடியும்!

திரும்பி வந்து, நடுக்கதவைச் சாத்தினாள்.

*

மேல் அலமாரியில் ப்ளீச் இருந்தது.

கலப்படம் கண்டுபிடிக்கும் பழைய வித்தை அது. ஒரு இழையைக் கத்தரித்து ப்ளீச்சில் போட வேண்டும். கம்பளி என்றால் முதலில் நுரைக்கும். பிறகு கூழாகும். பிறகு இருந்த இடமே தெரியாது. ஆயிரம் தடவை செய்திருக்கிறாள், கலப்படம் செய்தவனைப் பிடிப்பதற்காக.

இன்று பிடிப்பதற்காக இல்லை!

கையுறைகளை மறுபடி மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் குவளையில் ப்ளீச்சை ஊற்றினாள். மூக்கு எரிந்தது. கண் கரித்தது. ப்ளீச்சினால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

'சோதனையில செலவாகிப் போச்சு சார்ஜெண்ட்.' லீஸ்க்கிடம் சொல்ல வேண்டிய வாக்கியம். மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

பிசிறைப் போட்டாள். முழுப் பிடியையும்!

கண்ணாடிக் குச்சியால் கலக்கினாள்.

கலக்கினாள்...

நுரை?

இல்லை!

இன்னும் கலக்கினாள். முன்ரூமில் எர்ட்டி டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

குவளைக்குள் பழுப்புப் பிசிறு சவுகரியமாக மிதந்துகொண்டிருந்தது. கூழாகவில்லை. குமிழிகூட விடவில்லை!

ப்ளீச் பழசோ?

அலமாரியிலிருந்து மாதிரிப் பையை உருவினாள். நிஜ மூரிட் ரோமம். ஒரு சிட்டிகை எடுத்து வேறொரு குவளையில் அதே ப்ளீச்சில் போட்டாள்.

புஸ்ஸ்ஸ்...

நுரைத்தது. குழைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போயிற்று!

பாய்ந்து போய் மைக்ராஸ்கோப்பின் துணியை இழுத்து எறிந்தாள். பிசிறிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கி, அலசி, கண்ணாடித் தகட்டில் வைத்தாள்.

ஆட்டு ரோமம் என்றால் மேலே செதில் செதிலாக இருக்கும். மீனைப் போல.

இதில் ஒரு செதிலும் இல்லை! மொழுக்கென்று, பிளாஸ்டிக் கம்பி மாதிரி நீளமாக ஓடியது.

அக்ரிலிக்!

எந்த ஆட்டின் முதுகிலும் முளைக்காத நூல். எண்ணெயிலிருந்து எடுத்து, ஆலையில் இழுத்து, பழுப்புச் சாயம் ஏற்றிய நூல்.

பழுப்பு என்றதும் மூரிட் என்று முடிவு கட்டியிருந்தாள். இந்தத் தீவில் பிறந்த எவளுக்கும் வேறு பழுப்பு தோன்றியிருக்காது.

எர்ட்டி இல்லை!

எர்ட்டி இல்லவே இல்லை!

ஈரக் கையுறையோடு டெலிபோன் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"லீஸ்க்! இது கம்பளியே இல்ல!"

"என்ன மேடம் சொல்றீங்க?" ஸ்பீக்கர் கரகரத்தது.

"அக்ரிலிக்! எர்ட்டியோட ஸ்வெட்டர்ல அக்ரிலிக் ஒரு இழைகூடக் கிடையாது. நான் பின்னினது, எனக்குத் தெரியாதா? இது கடையில வித்த போலி!"

லீஸ்க்கின் குரல் ரகசியம் போல வந்தது.

"கிப்பி போன வாரம் பப்ல கத்தினான் மேடம். 'மேன்சி கடையில ஆடே இல்லாத கம்பளி விக்கிறான், கம்பளிச் சங்கக் கூட்டத்துல கிழிக்கிறேன் பாரு'ன்னு. போதையில உளர்றான்னு நெனச்சோம்..."

"மேன்சி இப்ப எங்க?"

"ரூம் கோடியிலதான் உக்காந்திருக்கார். கோட்டுக்குள்ள... பழுப்பு ஸ்வெட்டர்."

ஸ்பீக்கரில் நாற்காலி நகரும் சத்தம்.

"மிஸ்டர் டல்லக், கோட்டைக் கொஞ்சம் கழட்டுங்க... சும்மாத்தான்... திரும்பி நில்லுங்க... ஐயோ, பின்பக்க ஓரத்துல ஒரு கை அகலத்துக்குக் காணோமே! உங்களுக்கே தெரியாதா?"

தடால்!

மேஜை கவிழ்ந்தது. கண்ணாடி நொறுங்கியது. "புடி! புடி அவனை!" ஓடும் பூட்ஸ் சத்தம். நாய் குரைத்தது. யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். பிறகு கனமாக ஒரு 'தொம்'!

ஓஸ்லா ஸ்பீக்கர் மேல் குனிந்து நின்றாள்.

லீஸ்க் இரைக்க இரைக்கத் திரும்பி வந்தார்.

"ஆச்சு மேடம். ஆள் தரையில. நாய்தான் காலைக் கவ்வுச்சு. அவரோட சொந்த நாயே!"

"நல்லது," என்றாள் ஓஸ்லா.

"ஒரு சந்தேகம் மேடம். கம்பளி இல்லேன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ப்ளீச்சுல கரையல."

"ஓ! நீங்க ஸ்கூல்ல வந்து காட்டினீங்களே, அதுவா? என் பொண்ணு வீட்டுல செஞ்சு பார்த்து என் சாக்ஸ் ஒண்ணு காலி! நல்ல சோதனைதான்." சற்று நிறுத்தினார். "அதுக்கு ஒரு இழை போதும்பாளே அவ... நீங்க எவ்வளவு போட்டீங்க?"

ஓஸ்லா குவளையைப் பார்த்தாள்.

"மேடம்?"

அவள் கண்ணாடிக் குச்சியைக் குவளையிலிருந்து எடுத்தாள்.

"முழுப் பிடியுமா?"

லீஸ்க் தொண்டையைச் செருமினார்.

"மூடுபனி வந்தாலே இந்த லைன் இப்படித்தான். எனக்கு ஒண்ணும் காதுல விழல. வச்சிடறேன்."

க்ளிக்!

ஓஸ்லா திரும்பினாள்.

நடுக்கதவு திறந்திருந்தது. எர்ட்டி நின்றுகொண்டிருந்தான். கையில் காலிக் கப். எவ்வளவு நேரமாக என்று அவள் கேட்கவில்லை. முகம் சொல்லியது... எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்!

"அது ஆட்டு ரத்தம்," என்றான் மெதுவாக. "ஒரு ஆடு வேலியோரம் ஈன முடியாமக் கெடந்துச்சு. உள்ள கையை விட்டுக் குட்டியை இழுத்தேன். முள்ளுக்கம்பி முழங்கையைப் புடிச்சிருச்சு. தாயும் போச்சு, குட்டியும் போச்சு. நீ பின்னின ஸ்வெட்டரும் போச்சு. எதைச் சொல்லி எதை அழறதுன்னு பேசாம இருந்துட்டேன்."

"எர்ட்டி... நான்..."

அவன் மேஜையருகே வந்தான். குவளைக்குள் எட்டிப் பார்த்தான். கரையாமல் மிதந்த பழுப்பை. பிறகு அவளை.

மழைக்கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டான்.

"கொலைகாரன்னு நெனச்சும் எனக்குக் கதவைத் தொறந்தியே ஓஸ்லா... அது என்ன, தைரியமா? இல்ல, வேற யாரும் வர்றதில்லையா?"