களை என்று எழுதிய கை

மூன்று வாரமாகத் தாளுக்குள் அழுத்திக் காயவைத்திருந்த மூக்கிரட்டை இன்றைக்குப் பச்சையாக இருந்தது.

கோதண்டபாணி வாத்தியார் தொட்டுப் பார்த்தார். ஈரம். ஆம்பூரின் சாக்கடையோரக் குப்பைமேனி, வேலியோர நாயுருவி, இடிந்த சுவரில் எருக்கு என்று, தான் எழுதும் செடிப் புத்தகத்துக்காக நாற்பத்துமூன்று செடிகளை வகை பிரித்துத் தாளில் ஒட்டியிருந்தார்; மற்றதெல்லாம் சருகாகத்தான் கிடந்தது. நடுப்பகல் வெயிலோடு ஜன்னல் வழியே, தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஆவாரம்பட்டை ஊறலும் பச்சைத்தோலும் நாறின. அதற்கு நடுவே, சமைக்க ஆளில்லாத அந்த வீட்டில், கீரை வேகும் வாசனை.

தோல் ஷாப் முதலாளி அமீர் பாஷா போன மாதம் கேட்டிருந்தார்: "வாத்தியாரே, நம்ம காம்பவுண்டுல எது களைன்னு எழுதிக் குடுங்க. சுண்ணாம்பு கொட்டிட்றேன்."

அந்தக் காம்பவுண்டுச் சுவரோரம் மூக்கிரட்டை பறித்து விற்றுத்தான் எல்லம்மா சாப்பிட்டாள். விஷயம் கேள்விப்பட்டு வாத்தியாரிடம் ஓடி வந்தாள். "அத்த மட்டும் கீரைன்னு எழுது சாமி. என் வயிறு அதுலதான் ரொம்புது."

"தாவர சாஸ்திரம் உன் வயித்தப் பாத்து எழுதறதில்ல," என்று சொல்லிவிட்டு, 'களை' என்று எழுதினார்.

சுண்ணாம்பு கொட்டினார்கள். மிச்சமிருந்த ஒரு கொத்தைக் காப்பாற்றக் கை விட்டாள் எல்லம்மா. முழங்கை வரை வெந்து, புண் புரையோடி, எட்டாம் நாள் செத்துப்போனாள். போய் எட்டிப்பார்க்கக்கூட வாத்தியாருக்கு நேரமில்லை. புத்தகம் முடிய வேண்டாமா?

இப்போது பயமாக இருந்தது. பேனாவை எடுத்து, செடித்தாளிலும் எழுதியிருந்த 'களை'யை அடித்தார். 'கீரை' என்று மாற்ற, 'கீ' வரை எழுதினார்.

விரல் அரித்தது. நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. நூலா? இழுத்தார். முழங்கை வரை சுண்டி வலித்தது.

வேர்.

பேனா விழுந்தது. மணிக்கட்டில் தோல் வெடித்தது. ஒரு இலை. இரண்டு. நாலு.

தெருவில் குரல் கேட்டது.

"கீரே... மூக்கிரட்டைக் கீரே..."

வாசலில் நின்றது. தாழ்ப்பாள் போட்டிருந்தார். கூடத்தில் காலடி. சுண்ணாம்பு நெடி. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. காலிலிருந்து இறங்கிய வேர் தரையைப் பிடித்திருந்தது.

எல்லம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெந்து தோலுரிந்த கையால் அவர் கையைத் தூக்கி மடியில் வைத்து, இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"களை இல்ல சாமி. நல்ல எளங்கீரை," என்றாள். "பறிக்கப் பறிக்க வரும்."

முதல் காம்பைக் கிள்ளிக் கூடையில் போட்டாள். கிள்ளிய நுனியிலிருந்து ரத்தம் சொட்டியது.