பழுப்புப் போர்வை

ஸ்பீக்கரை அணைத்த பிறகும் கன்று ஒருமுறை கத்தியது.

மடித்துக்கொண்டிருந்த காக்கிச் சட்டையைக் கையில் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள். கூடத்து மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது, கணவன் ஒயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தான். சத்தம் வந்தது வீட்டின் பின்பக்கத்திலிருந்து, துணி துவைக்கும் இடத்தையும் மதிலையும் தாண்டி, சாக்கடைக் கால்வாய் ஓடும் அந்தப் புதர் மறைவிலிருந்து. கன்றின் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் தொண்டை கட்டிப்போன கன்று, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போய் வேண்டாவெறுப்பாக நிறுத்தியது.

"கேட்டீங்களா?"

"எக்கோ." அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மதில்ல பட்டுத் திரும்பி வருது. சவுண்டு போட்டே சோறு திங்கறவன்கிட்ட வந்து சத்தத்தப் பத்திக் கேக்கறா பாரு."

அரங்குகளுக்கு ஒலியமைப்பது அவன் தொழில். தொழிலில் எல்லாரும் அவனை சவுண்டு என்றே கூப்பிடுவார்கள். வீட்டிலும் அவன் சத்தம்தான் பெரிது. ஆப்பிரிக்கக் காட்டு விடுதிக்குப் போவது என்று அவன் முடிவெடுத்த அன்றும் அப்படித்தான். வேலி இல்லாத விடுதி, துணிக் கூடாரம், வாசலிலேயே யானை வரும், படுக்கையில் படுத்தபடி சிங்கத்தைக் கேட்கலாம் என்று அவன் அடுக்கிக்கொண்டே போக, தெருநாயைக் கண்டாலே எதிர்ச்சாரிக்குப் போகிறவள் இடைமறித்தாள். "நான் வரல, நீங்க போய்ட்டு வாங்க," என்றாள். "சிட்டுவக் கூட்டிட்டுப் போறேன். நீ இங்கயே கெட," என்றான். ஏழு வயது மகளை அவனை நம்பி அவ்வளவு தூரம் அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. அதனால்தான் சரி என்றாள், அது அவனுக்கும் தெரியும்.

பயத்தைப் போக்கும் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான். அவள் கேட்கவேயில்லை. காட்டு விலங்குகளின் ஒலியைப் பதிவு செய்யும் நண்பன் ஒருவனிடம் வாங்கி வந்து, தினமும் மாலை அவள் மூட்டை கட்டும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டான். சிங்கம், கழுதைப்புலி, நீர்யானை, கடைசியில் காட்டெருமைக் கன்று. அந்தக் கன்று கதறும்போது அவள் மடிப்பதை நிறுத்திவிடுவாள். அவள் முகம் சுருங்குவதைப் பார்த்தபின் அவன் அதை மட்டுமே திரும்பத் திரும்பப் போட்டான். விடுதியில் இரவில் மின்சாரம் கிடையாதாம், அதற்காக அறைகளுக்கு நடுவே போகும் நீளமான நடையின் பல்பைக் கழற்றி வைத்தான். ஆபத்தென்றால் ஊத வேண்டுமாம், அதற்காகத் தன் கழுத்தில் கயிறு கட்டி ஒரு விசில். அதை நினைத்த நேரத்தில் ஊதுவான். அடுப்பில் எது தீய்ந்தாலும் அவள் ஓடி வர வேண்டும். வந்ததும் சிரிப்பான்.

எல்லாவற்றையும்விட அவள் வெறுத்தது பழுப்புப் போர்வையை. திறந்த ஜீப்பில் காலைக் குளிருக்கு என்று வாங்கிய கனத்த கம்பளி அது. அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு, இருட்டு நடையின் அந்தக் கோடியிலிருந்து நாலு காலில் தவழ்ந்து வருவான். அவள் இந்தக் கோடியில் நிற்க வேண்டும். ஓடக்கூடாது. முதுகைக் காட்டக்கூடாது. கண்ணை எடுக்கக்கூடாது. "ஓடினா அடிச்சிடும். நின்னா யோசிக்கும்," என்று போர்வைக்குள்ளிருந்து சொல்லுவான். சிட்டு கைதட்டுவாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். இவனையெல்லாம் கட்டிக்கொண்டோமே என்று மனசுக்குள் அழுவாள்.

மறுநாள் மாலை கன்று அணைந்ததும் எதிரொலி மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அதற்கு அடுத்தடுத்த நாட்களில் துவைக்கும் கல்லருகே. இழுவை குறைந்திருந்தது. எதிரொலி இடம் மாறுமா என்று கேட்கலாமென்று வாயெடுத்தாள், அவன் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். பின் தெருவில் எந்நேரமும் குரைத்துக்கொண்டிருந்த நாய்களைக் காணோம். நாய் இல்லாத தெருவுக்கு வாழ்நாளெல்லாம் ஏங்கியவள் அவள். இப்போது ஒன்றாவது குரைக்காதா என்று ஜன்னலோரம் நின்று காது கொடுத்தாள்.

பிறகு துணிகள். கறுப்பும் நீலமும் கடிக்கும் ஈக்களை இழுக்குமாம், எல்லாமே மண் நிறத்தில்தான் இருக்க வேண்டும். பூச்சி மருந்து தெளித்து உலர்த்திய சட்டைகளைப் பின்னறைக் கட்டிலில் அடுக்கி வைத்திருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடை வேலையிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் அடுக்கு கலையவில்லை, அழுந்தியிருந்தது. நடுவில் பெரிய குழி. கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மருந்து நெடிக்கு அடியில் ஈரத் தோலின் வாடையும், நாள்பட்ட இறைச்சியின் வாடையும் மூக்கில் ஏறின. பின்னறை ஜன்னல் கொக்கி திறந்து கிடந்தது.

"பூனை படுத்திருக்கும்," என்றான் சவுண்டு.

"இவ்ளோ பெருசா பூனை?"

"உனக்கு எலியும் எருமையும் ஒண்ணுதானே."

அவள் அடுக்கை அப்படியே அள்ளிக்கொண்டு போனாள். சட்டைகளைத் திரும்பத் துவைத்தாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள், சிறிய விமானத்தில் பையின் எடை எவ்வளவு இருக்கலாம் என்று உறுதி செய்ய, பயணத்தை ஏற்பாடு செய்த பெண்ணுக்குப் போன் போட்டாள். ஆளுக்குப் பதினைந்து கிலோ, கைப்பையும் சேர்த்து, சக்கரம் வைத்த பெட்டி ஆகாது, அமுக்கினால் அமுங்கும் துணிப்பைதான். அந்தப் பெண் கலகலவென்று பேசினாள். பேச்சுவாக்கில் இவளும் கன்றின் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

"ஐயோ, அத எதுக்குங்க வீட்ல போடறீங்க?" பெண் சிரித்தாள். "அது கூப்பிடற சத்தம். ஆராய்ச்சிக்காரங்க ஜீப் மேல ஸ்பீக்கர் கட்டி அதத்தான் போடுவாங்க. கன்னு சாகக் கெடக்குன்னு நெனச்சு, பசியோட இருக்கறதெல்லாம் எங்கெங்கேயிருந்தோ எந்திரிச்சு வரும். எண்ணிக்குவாங்க."

"எவ்ளோ தூரத்துலேர்ந்து வரும்?"

"காதுல விழற தூரம் பூராவும்தான். பயப்படாதீங்க, உங்க வீட்டுக்கு வந்தா பக்கத்து வீட்டுக்காரங்கதான் வருவாங்க, சண்டைக்கு!"

அவளும் சிரித்து வைத்தாள்.

மாலையில் அவனிடம் சொன்னாள். சொல்லியிருக்கக்கூடாது. அவன் கண்ணில் ஒரு குஷி வந்தது. "அப்படியா? அப்ப முறைப்படி ஒரு அழைப்பு வெச்சிடுவோம்," என்றவன், அரங்கத்துக்கு வைக்கும் ஆளுயர ஸ்பீக்கரைப் பின்வாசலில் இழுத்து நிறுத்தி, முகத்தைப் புதர்ப்பக்கம் திருப்பி, முழுச் சத்தத்தில் வைத்தான். கன்று கதறிய கதறலில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவள் காதைப் பொத்திக்கொண்டு கெஞ்சினாள், கடைசியில் திட்டினாள். "நாளைக்கு ஏர்போர்ட்ல இப்படி மானத்த வாங்கின, அங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்," என்றான் அவன்.

அணைத்தான். அவள் மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.

எதிரொலி வரவே இல்லை.

"பாத்தியா?" என்றான். கொடியில் காயும் துணிகளை எடுத்து வருகிறேன் என்று வெளியே போனான். வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

சிட்டு தன் அறையில் தொப்பியும் பைனாகுலருமாக உட்கார்ந்து, படிக்கும் மேசை விளக்கின் கீழ் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் தலையைத் தடவிவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனாள் இவள்.

"சாத்தாதம்மா. சாத்தினா அதுக்குக் கேக்காது."

"எதுக்கு?"

"எக்கோவுக்கு." பென்சிலை நிறுத்தாமல் சிட்டு சொன்னாள். "மொதல்ல தப்புத்தப்பா கத்திச்சு. நான்தான் தெனமும் கன்னு மாதிரி கத்திச் சொல்லிக் குடுத்தேன். இப்ப என்னய மாதிரியே கத்துது."

அவள் ஜன்னலைச் சாத்தினாள். கொக்கியை இறுக்கிப் போட்டாள், இழுத்துப் பார்த்தாள். இங்கேயே இரு, அம்மா கூப்பிடாமல் எழுந்திருக்காதே என்றாள். நாளை காலை வண்டி வந்துவிடும். இந்த ஒரு ராத்திரிதான். பைகளைக் கட்டி முடித்து, மூன்று பேரும் ஒரே அறையில் படுத்துவிட்டால் போதும். பின்னறையிலிருந்த கடைசிப் பையை இழுத்து வந்து சிட்டுவின் அறை வாசலில், நடையின் இந்தக் கோடியில் போட்டு, மண்டியிட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்ததையெல்லாம் திணிக்கத் தொடங்கினாள். போர்வையை மேலாக வைத்து முழங்காலால் அமுக்கி ஜிப்பை இழுத்தாள். பாதியில் மாட்டியது. துணியை உள்ளே தள்ளித் தள்ளி மூடினாள்.

பின்பக்கம் விசில் ஊதியது.

ஒருமுறை. நீளமாக. பிறகு பாதி. ஊதத் தொடங்கிய மூச்சை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல் நின்றது.

உடம்பு பழக்கத்தில் எழப் பார்த்தது. அவள் விடவில்லை. போதும். எத்தனை தடவை ஓடியாயிற்று, எத்தனை தடவை அந்தச் சிரிப்பைப் பார்த்தாயிற்று. ஊதட்டும், வாய் வலிக்க ஊதட்டும் என்று எடை பார்க்கும் கொக்கியைப் பையின் காதில் மாட்டினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவன் கூப்பிட்டு அவள் போகாதது அதுதான் முதல் தடவை. மனசுக்குச் சுகமாகக்கூட இருந்தது.

பின்கதவு திறந்தது. கீல் கிறீச்சிட்டது. திரும்ப மூடிய சத்தம் இல்லை.

தரையில் எதையோ இழுக்கும் ஓசை. ஈரமான ஓசை. நடையின் அந்தக் கோடியில், பல்பு இல்லாத இருட்டில், பழுப்பாக ஒன்று தாழ்ந்து வந்து நின்றது. நாலு காலில். தலையைக் கவிழ்த்துக்கொண்டு.

அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஊருக்குக் கெளம்பற நேரத்துலயுமா? எந்திரிங்க மொதல்ல. துணி எங்க?"

அது ஓரடி முன்னால் வந்தது. நின்றது. யோசித்தது.

"பயமே இல்ல எனக்கு. போதுமா? அந்தப் போர்வைய எடுங்க, பையில வெக்கணும்..."

அவள் குனிந்து பார்த்தாள்.

கை பையின்மேல் இருந்தது. மெல்லிய துணிக்கு அடியில் கம்பளி. கனமாக. சொரசொரப்பாக. அவளே மடித்தது. அவளே மூடியது.

வாடை வந்துவிட்டது. ஈரத் தோல். இறைச்சி. இப்போது புதிதாக, இரும்பு வாடை.

அது தலையை உயர்த்தியது. பின்னாலிருந்து சிட்டுவின் விளக்கு வெளிச்சம் அவள் தோளைத் தாண்டி நடைக்குள் போனது. இருட்டில் இரண்டு பச்சைப் புள்ளிகள் எரிந்தன. கண்ணாடிக் கடையில் கண் அளப்பதுதான் அவளுக்கு வேலை. உட்காரவைத்து, நேராகப் பார்க்கச் சொல்லி, ஒரு கண்மணிக்கும் இன்னொரு கண்மணிக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளப்பாள். குழந்தைகள், கிழவர்கள், யாராக இருந்தாலும் அவள் விரல் நீளத்துக்குள் அடங்கிவிடும்.

இது அடங்கவில்லை. விரித்த சாணுக்கும் அடங்கவில்லை.

ஓடக்கூடாது. முதுகைக் காட்டக்கூடாது. கண்ணை எடுக்கக்கூடாது. அவள் எழுந்து நின்றாள். கை இரண்டையும் கதவு நிலையில் ஊன்றி வாசலை அடைத்தாள். நின்றாள். அவன் சொல்லிக் கொடுத்தது. நின்றால் யோசிக்கும். அது யோசித்தது. மூச்சு விட்டது. இன்னும் ஓரடி வைத்தது. அதன் வாயோரத்தில் கயிறு தொங்கியது. கயிற்றின் நுனியில் விசில் ஆடியது.

"சிட்டு," என்றாள். உதடு மட்டும் அசைந்தது. "சத்தம் போடாத கண்ணு. அப்பிடியே இரு."



பென்சில் தரையில் விழுந்து உருண்டது. ஜன்னல் கொக்கி கழன்று சுவரில் தட்டியது. சில்லென்ற காற்று அவள் பின்கழுத்தில் பட்டது.

பிறகு, முதுகுக்குப் பின்னால், மிக அருகில், துளிப் பிசிறில்லாமல், கன்று கத்தியது.

அவள் திரும்பவில்லை. அகலமான அந்தக் கண்களையே பார்த்தபடி நின்றாள். அது சிட்டுவாகத்தான் இருக்க வேண்டும்.

கன்று மறுபடி கத்தியது. அதன் கூடவே, கட்டிலடியிலிருந்து சிட்டு, "அம்மா," என்றாள்.